முகம் காயும் களம்

சித்தனுக்குப் பதினாறு வயதில் முகப்பரு வந்தது. பத்தொன்பதில் போய்விட்டது. போகும்போது ஒழுங்காகக் காலி செய்துவிட்டுப் போகவில்லை. சுவரெல்லாம் ஆணி அடித்துவிட்டுப் போகிற குடித்தனக்காரனைப் போல இரண்டு கன்னங்களிலும் குழி குழியாக விட்டுவிட்டுப் போனது. அப்போது அவனுக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. கிளியூரில் அவன் வீட்டு ஆடுகளுக்கும் சாமைக் காட்டுக்கும் அவன் முகத்தைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. வருத்தம் தொடங்கியது ஏற்காட்டில் ஏரிப் பக்கம் ஓர் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.

சேலத்தில் ஓட்டல் நிர்வாகம் படித்தவன் அவன். வரவேற்பு மேசை வேலைக்குத்தான் போய் நின்றான். மேலாளர் செல்வராஜ் கொஞ்ச நேரம் அவன் பேச்சைக் கேட்டார், கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு இரண்டையும் தனித்தனியாக வேலைக்கு எடுப்பது என்று முடிவு செய்தார். குரலுக்குத் தொலைபேசியைக் கொடுத்தார். முகத்துக்குச் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறையைக் கொடுத்தார்.

அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு சித்தன் பெங்களூர்க்காரர்களுக்கும் சென்னைக்காரர்களுக்கும் அறை ஒதுக்கினான். எந்தக் கொண்டை ஊசி வளைவில் குழந்தைகளுக்கு வாந்தி வரும், எந்த அறையில் குரங்கு எட்டிப் பார்க்கும் என்றெல்லாம் முன்கூட்டியே சொன்னான். அவர்கள் அவனை 'சிட்' என்று கூப்பிட்டார்கள். சிட் இருக்கிறவரை கவலையில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு மலை ஏறி வந்தார்கள். வந்து இறங்கினால் மேசைக்குப் பின்னால் விக்னேஷ் நிற்பான். விக்னேஷுக்கு வாழ்நாளில் ஒரு பரு வந்ததில்லை. ஒரு சாவியைச் சரியான அறைக்குக் கொடுத்ததும் இல்லை. "நீங்கதான் சிட்டா?" என்று கேட்பார்கள். விக்னேஷ் சிரிப்பான். அந்தச் சிரிப்பைச் சித்தன் சமையலறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். நனைந்த குடையோடு உள்ளே வருகிற யாராவது ஒருவருடைய கண்ணைப் பார்த்து, "வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்" என்று சொல்ல வேண்டும். இதைத் துணி துவைக்கும் இயந்திரத்திடம் தினமும் சொல்லிப் பழகி வைத்திருந்தான். இயந்திரமும் ஒவ்வொரு முறையும் முழுதாகக் கேட்டுக்கொண்டது.

மார்கழி முடியும் சமயத்தில் செல்வராஜ் அவனைக் கூப்பிட்டார்.

"கண்ணு, விக்னேஷுக்கு வேற நல்ல எடத்துல வேல கெடச்சிருச்சு. கோட விழாவுக்கு முன்னால போயிருவான். மேச உனக்குத்தான்."

சித்தன் வரவேற்பு மேசையை எட்டிப் பார்த்தான். "நெசமாலுமாங்க?"

"நெசம்தான். ஆனா ஓட்டல் சங்கத்துல தீர்மானம் போட்டுட்டாங்க பாரு. முன்னால நிக்கிற ஆளுக்கு மொகத்தரச் சான்று வேணும். ஏ-வா இருக்கோணும், இல்லீன்னா பி. அதுக்குக் கீழ நான் என்ன பண்ண முடியும், சொல்லு. வெள்ளிமேட்டுக்குப் போ. பங்குனிக்குள்ள வளுவளுன்னு வந்து நில்லு."

வெள்ளிமேட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அது வாழவந்திக்குப் போகிற பாதையில் இருக்கும் பழைய காப்பித் தோட்டம். செடிகளின் தண்டைப் பூச்சி துளைத்து, தோட்டம் பாதி காய்ந்துபோயிற்று. முதலாளி செத்த பிறகு பொறுப்பு மருமகன் கந்தசாமியிடம் வந்தது. கந்தசாமி ஒரு முறை பெரிய நகரம் ஒன்றில் ஓர் அழகு நிலையத்தின் வாசலில் கார் நிறுத்த இடமில்லாமல் கூட்டம் நிற்பதைப் பார்த்தாராம். மலைக்குத் திரும்பியதும் 'வெள்ளிமேடு எஸ்டேட்' என்ற பலகையை இறக்கிவிட்டு 'வெள்ளிமேடு சரும மறுமலர்ச்சி நிறுவனம்' என்ற பலகையை ஏற்றினார். மாறியது பலகை மட்டும்தான். ஆட்கள் அதே ஆட்கள். தொட்டி, களம், சல்லடை, காலை மணி எல்லாம் அப்படியே இருந்தன. எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த ஐயாக்கண்ணு நோயாளிகள் ஒருங்கிணைப்பாளர் ஆனார். கொட்டை பொறுக்கித் தரம் பிரித்துக்கொண்டிருந்த ராசம்மாள் முகவியல் நிபுணர் ஆனார். மீதியிருந்த தோட்டத்தில் காப்பியும் தொடர்ந்து காய்த்தது. அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

சித்தன் போய்ச் சேர்ந்த அன்று வரவேற்புக் கூட்டம் நடந்தது. ஆணும் பெண்ணுமாகப் புதிதாகச் சேர்ந்த குழி முகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கந்தசாமி வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடை ஏறினார்.

"உங்களில் சிலர் கேட்கலாம். காப்பித் தோட்டம் வைத்திருந்தவருக்குத் தோலைப் பற்றி என்ன தெரியும் என்று. நியாயமான கேள்வி. அதைக் கேட்டவரைப் போன வாரம் வெளியே அனுப்பிவிட்டோம். என் மாமனார் காலத்திலிருந்தே இந்த மண்ணில் தோல்தான் தொழில். பழத்தின் தோலை உரித்தோம். தொட்டியில் ஊறவைத்தோம். களத்தில் காயவைத்தோம். தரம் பிரித்தோம். இத்தனை வருஷத்தில் ஒரு கொட்டைகூட எங்கள் மேல் புகார் சொன்னதில்லை. வடு என்பது என்ன? தோலின் ஒழுங்கீனம். ஒழுங்கீனத்துக்கு மருந்து ஒழுங்கு. உங்களுக்குக் குணமானால் அது எங்கள் முறையின் வெற்றி. குணமாகாவிட்டால் அது உங்கள் தோலின் தோல்வி. இந்த நிறுவனத்துக்குத் தோல்வி என்பதே கிடையாது."

எல்லோரும் கை தட்டினார்கள். சித்தனும் தட்டினான். குணமாகாவிட்டால் என்ற சொல்லை மட்டும் வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தீபிகா என்கிற சேலத்துப் பெண் அவனைப் பார்த்து, "இதெல்லாம் சும்மா பேச்சுக்குங்க, வைத்தியம் நல்லா இருக்குமுன்னு சொன்னாங்க" என்றாள். அவளுக்குக் கல்யாணம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றும் கன்னத்தை மட்டும் சரி செய்துகொண்டு வரட்டும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முதல் வேலை தரம் பிரிப்பது. நோயாளியை இருட்டறையில் நிறுத்தி, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, முகத்துக்கு முன்னால் கொட்டை சலிக்கும் சல்லடையைத் தூக்கிக் காட்டுவார்கள். சல்லடைக்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தெரியாது. தரம் பிரிக்கும்போது சல்லடை இருக்க வேண்டும், அவ்வளவுதான். ராசம்மாள் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் சித்தனின் கன்னத்தைத் தடவினார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோலைப் பிடித்து உருட்டிப் பார்த்தார்.

"ஏ இல்லீங்க. பி-யும் இல்லீங்க. சி-ன்னு போட்டுக்கோங்க. ஒடசல் கணக்குல சேக்க வேண்டாம், பாவம்."

ஐயாக்கண்ணு குறித்துக்கொண்டார். "சி-ன்னா கெட்டுப்போகல கண்ணு. ஏத்துமதி ஆகாது, உள்ளூருல போகும்" என்று சித்தனுக்கு ஆறுதல் சொன்னார்.

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பமானது. விடிந்ததும் மஸ்டர் மணி அடிக்கும். எஸ்டேட்டில் ஆள் எண்ணுகிற அதே மணி. எல்லோரும் வரிசையில் நின்று கன்னத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் காட்ட வேண்டும். ஐயாக்கண்ணு ஒவ்வொருவரிடமும் "மொகம் வந்திருக்குதா?" என்று கேட்பார். "வந்திருக்குதுங்க" என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் ஒருவர் தலைவலியில் வெறுமனே தலையை ஆட்டிவிட்டார். அன்று அவருடைய முகத்துக்கு ஆப்சென்ட் போட்டார்கள். ஆள் மட்டும் அங்கே நின்றுகொண்டிருந்தது.

மஸ்டர் முடிந்தால் தொட்டி. காப்பிப் பழத்திலிருந்து உரித்தெடுத்த தோலைப் புளிக்க வைத்து, அதை முகத்தில் அப்பிக்கொண்டு தொட்டி ஓரம் உட்கார வேண்டும். அந்த நாற்றத்துக்குத் தூரத்துத் தலைச்சோலை ஊரிலிருந்துகூட ஈ வரும் என்று வேலையாட்கள் பேசிக்கொண்டார்கள். ஊறியது போதும் என்று தோன்றியதும் ஐயாக்கண்ணு குழாயைத் திறந்துவிடச் சொல்வார். கொட்டையும் முகமும் ஒரே தண்ணீரில் கழுவப்பட்டன.

கழுவிய பிறகு களம். பெரிய சிமெண்டுக் களத்தில் நடுவே ஒரு கோடு போட்டிருந்தது. ஒரு பாதியில் காப்பிக்கொட்டை காய்ந்தது. மறுபாதியில் நோயாளிகள் காய்ந்தார்கள். வானத்தைப் பார்த்தபடி வரிசையாகப் படுத்திருக்க, கோல் பிடித்தவன் கொட்டையைக் கிளறிவிட்டு விசில் ஊதுவான். விசில் கேட்டதும் எல்லோரும் இடது கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். அடுத்த விசிலுக்கு வலது கன்னம். சேர்வராயன் மலையின் தை மாத வெயில் பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். காற்று குளிராக இருப்பதால் சுடுவதே தெரியாது. ராத்திரி படுக்கும்போதுதான் கன்னம் எரியும்.

சாயங்காலம் ஈரமானி. கொட்டையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்கிற கருவியை ஐயாக்கண்ணு ஒவ்வொருவர் கன்னத்திலும் வைத்து அழுத்துவார். பதினொன்றுக்குக் கீழே வந்தால்தான் அடுத்த கட்டம். உயிருள்ள மனிதன் யாரும் அந்த அளவுக்கு வர முடியாது என்பது அந்தக் கருவிக்குத் தெரியும், ஐயாக்கண்ணுவுக்குத் தெரியாது. இதுவரை அந்த இலக்கை எட்டியவர் கந்தசாமியின் மாமனார் ஒருவர்தான். அவருடைய படம் முன்கூடத்தில் மாலையோடு தொங்கியது.

"இன்னும் ஈரமா இருக்கற கண்ணு" என்று ஐயாக்கண்ணு வருத்தப்படுவார். "இப்பிடியே மூட்ட கட்டுனா பூசணம் புடிச்சிரும்."

அழுதால் ஈரம் ஏறும். ஆகவே நிறுவனத்தில் அழுவதற்குத் தடை இருந்தது. தீபிகாவுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து தொலைபேசி வந்த ஒரு நாள், அவள் கன்னத்தில் ஈரமானி வழக்கத்தைவிட நிறையக் காட்டியது. ஐயாக்கண்ணு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அழுதியா சாமி?"

"இல்லீங்க. பனி பட்டுருச்சுங்க."

"பனி கன்னத்துல மட்டும் படாதே."

அவளை மறுபடியும் முதலிலிருந்து தொட்டிக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு தீபிகா மூடுபனி களத்துக்குள் வரும் நேரம் பார்த்து மட்டுமே அழுதாள். அந்த நேரத்தில் எல்லோருடைய முகமும் நனைந்திருக்கும். பனி வந்தால் வேலையாட்கள் தார்ப்பாயோடு ஓடி வந்து கொட்டையை மூடுவார்கள். ஆட்களை மூடத் தார்ப்பாய் பற்றாது. ஏன் என்று சித்தன் ஒரு முறை கேட்டுவிட்டான். கந்தசாமி கோபப்படவில்லை. கோபப்படாமல் விளக்குவதுதான் அவருடைய பலம்.

"கொட்டைக்குக் கப்பல் தேதி இருக்குதுப்பா. மொகத்துக்கு என்ன தேதி இருக்குது?"

சித்தனுக்குத் தேதி இருந்தது. சித்திரையில் மேசை காலியாகிறது. ஆனால் அதைச் சொல்லிப் பயனில்லை என்று அதற்குள் அவனுக்குப் புரிந்திருந்தது.

நிறுவனத்தில் ஓர் உண்மையான தோல் மருத்துவரும் இருந்தார். சுஜாதா என்று பெயர். வெள்ளிக்கிழமை தோறும் சேலத்திலிருந்து வருவார். அவருக்குப் பழைய உரக் கிடங்கை அறையாகக் கொடுத்திருந்தார்கள். தன்னுடைய முறை வந்தபோது சித்தன் உள்ளே போனான். அவர் சல்லடை எதையும் எடுக்கவில்லை. கண்ணால் பார்த்தார், விரலால் தோலை இழுத்துப் பார்த்தார், பிறகு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"தம்பி, பொய் சொல்ல மாட்டேன். இது முழுசாப் போகாது. ஆனா கொறைக்கலாம். நுண்ணூசி வச்சுப் பண்ற சிகிச்சை இருக்கு. சில குழிக்கு அடியில இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கறத விடுவிச்சு விடணும். ஒரு தடவையில முடியாது. மாசக்கணக்கா, விட்டு விட்டுப் பண்ணணும். பாதி கொறைஞ்சாலே நல்ல பலன். எதுவா இருந்தாலும் மொதல்ல வெயிலை நிறுத்துங்க. வெயில் பட்டா வடு கருத்துப்போகும்."

"களத்துல படுக்க வெக்கிறாங்களேங்க டாக்டர்."

"தெரியும். கூடாதுன்னு எழுதியே குடுத்தேன்."

"அப்பறம் என்னாச்சுங்க?"

"முன்கூடத்துல பாக்கலையா? கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க. 'எங்கள் நிறுவனத்தில் கருத்துச் சுதந்திரம்' அப்படின்னு மேல தலைப்பு."

அவர் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து வெயிலுக்குப் பூசிக்கொள்கிற ஒரு களிம்பை எடுத்துக் கொடுத்தார். பலகையில் ஒரு மருத்துவர் பெயர் இருந்தால்தான் அனுமதி கிடைக்கும் என்பதற்காக அவரை வைத்திருந்தார்கள். அவரும் என்றாவது ஒரு நாள் தான் எழுதிக் கொடுப்பதை யாராவது படிப்பார்கள் என்று வந்துகொண்டிருந்தார். அந்தக் களிம்பு மறுநாள் மஸ்டரிலேயே பிடிபட்டது. ஐயாக்கண்ணு அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இதப் பூசுனா வெயிலு உள்ள எறங்காது கண்ணு. அப்பறம் களத்துக்கு என்ன மருவாத?" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து சுஜாதா வரவில்லை. பலகையில் பெயர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

தை முடிவதற்குள் இன்னொன்றும் சேர்ந்தது. அந்த வருஷம் பழம் பறிக்க ஆள் கிடைக்கவில்லை. கந்தசாமி உடனே ஒரு கூட்டம் போட்டு, முகத்தின் நரம்புகள் எல்லாம் விரல் நுனியில்தான் முடிகின்றன என்று அறிவித்தார். அன்று முதல் 'விரல்வழி மருத்துவம்' தொடங்கியது. நோயாளிகள் இடுப்பில் கூடை கட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை காப்பிப் பழம் பறித்தார்கள். அதிகம் பறித்தவருக்கு அதிக வைத்தியம் கிடைத்ததாகக் கணக்கு.

பக்கத்துத் தோட்டத்தில் சித்தனின் அம்மா கூலிக்குப் பறித்துக்கொண்டிருந்தாள். எஸ்டேட் வேலை தன்னோடு போகட்டும் என்றுதான் அவனைப் படிக்க வைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கூடையோடு நின்ற மகனை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, இது என்ன கோலம்?"

"வைத்தியம்மா."

அவள் அவன் கூடையை எட்டிப் பார்த்தாள். பிறகு, "வைத்தியமா இருந்தாச் சரி. காம்போட புடுங்காத, அடுத்த வருசம் பூ எடுக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் செடிக்குத் திரும்பினாள். சித்தனுக்கு அன்று ஈரம் ஏறியது. பனி வரும்வரை அடக்கி வைத்துக்கொண்டான்.

பங்குனிக் கடைசியில் இறுதித் தரம் பிரிப்பு நடந்தது. ஓட்டல் சங்கத்துக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். செல்வராஜும் வந்திருந்தார். தீபிகாவுக்கு பி கிடைத்தது. சங்கத்துக்காரர்கள் கை தட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் மாசி மாதமே வேறு பெண் பார்த்து முடித்துவிட்டதால் அவளுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. சான்றை வாங்கிக்கொண்டு அவள் சேலம் பஸ் ஏறினாள். அன்று வெயில் நன்றாக அடித்தது, பனி இல்லை. ஆனாலும் பஸ் வளைவில் திரும்பும்வரை ஜன்னலோரம் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனாள்.

சித்தன் இருட்டறையில் நின்றான். விளக்கு வந்தது. சல்லடை வந்தது. ராசம்மாள் தடவிப் பார்த்தார். இன்னொரு முறை தடவினார்.

"குழி அப்பிடியேதான் இருக்குதுங்க. நெறந்தான் போயிருச்சு. கருப்புக் கொட்ட ஆயிப்போச்சுங்க."

எஸ்டேட் கணக்கில் கருப்புக் கொட்டைக்குக் கீழே தரம் எதுவும் இல்லை. சித்தன் செல்வராஜைப் பார்த்தான். அவர் தன் செருப்பைப் பார்த்தார். வெளியே வந்ததும் அவன் தோளில் கை போட்டார்.

"எங்கையில ஒண்ணும் இல்ல கண்ணு. மேசைக்கு வேற பையனப் போட்டாச்சு."

"போன் வேலையாச்சும் பாத்துக்கறனுங்க. பழைய ரூமே போதுமுங்க."

"அதுக்கும் மிசின் வந்துருச்சே. உன்ற கொரலத்தான் அதுல போட்டிருக்கோம். ரெண்டு வருசம் பேசுனதெல்லாம் பதிவுல இருந்துச்சுல்ல. நொம்ப நல்லாப் பேசுது. பெங்களூர்க்காரங்க 'சிட், எப்பிடி இருக்கறீங்க'ன்னு கேக்கறாங்க. நல்லா இருக்கறனுங்கன்னு அதுவே சொல்லிக்குது."

கந்தசாமி இதையெல்லாம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சித்தனின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவருடைய கண்ணில் தெரிந்தது பரிவு என்று சித்தன் நினைத்தான்.

"தம்பி, நீ வருத்தப்படக் கூடாது. இந்த நிறுவனம் யாரையும் கைவிடாது. இவ்வளவு தெளிவான ஒரு மொகம் எங்களுக்கு இதுவரைக்கும் அமையல. நாளையிலிருந்து முன்கூடத்துல வரவேற்பு மேசை உனக்குத்தான்."

தான் கேட்டது சரிதானா என்று சித்தனுக்குச் சந்தேகமாக இருந்தது. "மேசைக்குப் பின்னாலயாங்க? நின்னுக்கிட்டேவாங்க?"

"நின்னுக்கோ, உக்காந்துக்கோ. வர்றவங்க எல்லாரும் மொதல்ல உன்ற மொகத்தத்தான் பாக்கோணும்."

அப்படியாகச் சித்தனுக்கு வரவேற்பு மேசை கிடைத்தது. தேக்கில் செய்த நல்ல மேசை. மேலே பித்தளையில் ஒரு சின்னப் பலகை. அதில் 'சிகிச்சைக்கு முன்' என்று பொறித்திருந்தது. பக்கத்தில் இன்னொரு மேசை இருந்தது. அதன் பலகையில் 'சிகிச்சைக்குப் பின்'. அதற்குப் பின்னால் விக்னேஷ் நின்றுகொண்டிருந்தான். செல்வராஜ் சொன்ன வேற நல்ல இடம் இதுதான். அவன் அதே பழைய சிரிப்பைச் சிரித்தான். வருகிறவர்கள் முதலில் சித்தனைப் பார்த்தார்கள், அடுத்ததாக விக்னேஷைப் பார்த்தார்கள், இருவரும் ஒரே ஆள்தான் என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டு உள்ளே போய்ச் சேர்ந்தார்கள். சேர்க்கை இரண்டு மடங்கானது. இந்த முகம் நிறுவனத்தின் சொத்து என்றும், வேறு எங்கும் போய் இதைக் குணப்படுத்திக்கொள்வது துரோகம் என்றும் கந்தசாமி ஒரு கூட்டத்தில் உருக்கமாகப் பேசினார்.

சித்திரை பிறந்தது. கோடை விழாவுக்குக் கூட்டம் மலை ஏறிக்கொண்டிருந்தது. சித்தன் காலையிலிருந்து இருட்டும்வரை நிழலில் இருந்தான். தொட்டி இல்லை, களம் இல்லை. ஒரு நாள் காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. கிட்டே போய்ப் பார்த்தான். கருப்பு கொஞ்சம் வெளுத்திருந்தது. குழிகள் இருந்தன, ஆனால் முன்பு போல முதலில் கண்ணில் படவில்லை. டாக்டர் சொன்னது சரிதான், வெயில் படாமல் இருந்தாலே இவ்வளவு. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெகுநாட்களுக்குப் பிறகு வந்த சந்தோஷம். அது மஸ்டர் மணி அடிக்கும்வரை இருந்தது.

ஐயாக்கண்ணு வரிசையில் அவனுக்கு முன்னால் வந்து நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பழைய படம் ஒன்றை எடுத்து அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அவர் முகம் வாடிப்போனது.

"என்ன கண்ணு இது, தேறி வருது?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க."

"பண்ணாமயே இப்பிடின்னா எப்பிடி? பெரியவரு பாத்தா எனக்கல்ல கேள்வி வரும்."

கந்தசாமி பார்த்தார். கோபப்படாமல் விளக்கினார். சித்தனின் வேலை நேரம் மாற்றியமைக்கப்பட்டது. உச்சி வெயில் நேரத்தில் மேசையை விட்டுக் களத்துக்குப் போய், சாப்பாட்டு நேரம் முடியும்வரை படுத்துவிட்டு வர வேண்டும். இதற்குப் 'பராமரிப்பு' என்று பெயர் வைத்தார்கள். முதல் நாள் சித்தன் போகமாட்டேன் என்று சொல்ல நினைத்தான். பக்கத்து மேசையில் விக்னேஷ் சிரித்துக்கொண்டிருந்தான். வெளியே போனால் ஓட்டலில் அவன் குரல் ஏற்கெனவே வேலையில் இருந்தது. அவன் எழுந்து போய்ப் படுத்தான்.

விழா தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் காலையில் மழை தூறியது. வாழவந்தியிலிருந்து ஒரு பெண் நனைந்த குடையோடு உள்ளே வந்தாள். கவிப்பிரியா என்று பெயர் சொன்னாள். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறவள். கன்னத்தில் நாலைந்து பருக்கள் சிவந்திருந்தன. ஒன்றிரண்டு இடத்தில் கிள்ளிய தழும்பு. இந்த அளவில் பிடித்துவிட்டால் நல்ல மருத்துவர் கையில் எல்லாம் சரியாகிவிடும் என்பது இப்போது சித்தனுக்குத் தெரியும். அவள் குடையை மடக்கிவிட்டு நிமிர்ந்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. இத இப்பிடியே உட்டா எனக்கும் இந்த மாதிரி ஆயிருமாங்க?"

கண்ணைப் பார்த்துக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் அவன் கண்ணைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. சேலத்துக்குப் போம்மா, பெரியாஸ்பத்திரியில தோல் டாக்டர் இருப்பாங்க, பருவைக் கிள்ளாத, வெயில்ல அலையாத, இந்தப் படியை மட்டும் ஏறாத என்று சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. முன்கூடத்தின் கோடியில், மாலை போட்ட மாமனார் படத்துக்குக் கீழே, கந்தசாமி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஐயாக்கண்ணு. மழை விட்டுவிட்டது. ஜன்னல் வழியாகக் களத்தில் வெயில் விழ ஆரம்பித்தது. கொட்டை முடிந்த பருவம், இப்போது களம் முழுவதும் ஆட்களுக்குத்தான். இடம் நிறையக் காலியாக இருந்தது.

பெண் காத்துக்கொண்டிருந்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சித்தன் எழுந்து நின்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பெங்களூர்க்காரர்கள் நம்பி மலை ஏறி வந்த அந்தக் குரலில், ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான்.

"வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் உள்ளே போனாள். உச்சிப் பொழுதானதும் களத்திலிருந்து விசில் கேட்டது. அது இவனைப் பராமரிப்புக்குக் கூப்பிடும் விசில். சித்தன் மேசையைத் துடைத்துவிட்டு, பித்தளைப் பலகையை நேராக வைத்துவிட்டு, வெயிலுக்குப் போனான்.